இரண்டு சூரியன்கள் மறையும் ஊர்

பாறை மேட்டில் ஒருவர் தனியாக நிற்கிறார். எதிரே வானத்தில் இரண்டு சூரியன்கள். தரையில் அவருடைய நிழலும் இரண்டு. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் 2015-ல் வெளியிட்ட சுற்றுலா போஸ்டர் இது. டிக்கெட் கிடையாது, பஸ் கிடையாது, யாரும் போய்வந்ததும் கிடையாது. ஆனால் ஊர் நிஜம். பெயர் கெப்ளர்-16பி.

எவ்வளவு தூரம்?

பூமியிலிருந்து சுமார் 245 ஒளியாண்டு. அங்கிருந்து இப்போது நமக்கு வந்துசேரும் ஒளி, வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த 1781-ஐ ஒட்டிப் புறப்பட்டது. மனிதர் அனுப்பியவற்றில் மிகத் தொலைவு போயிருக்கும் வாயேஜர்-1 விண்கலத்தின் வேகத்தில் கிளம்பினால், போய்ச்சேர 40 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

அங்கே என்ன பார்க்கலாம்?

முதலில் அந்த இரண்டு சூரியன்கள். பெரியது ஆரஞ்சு நிறம். நம் சூரியனின் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம். சின்னது சிவப்புக் குள்ளன். நம் சூரியனில் ஐந்தில் ஒரு பங்கு எடைதான். இரண்டும் கைகோத்துச் சுற்றும் சிறுமிகளைப் போல 41 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. அந்த ஜோடியைச் சேர்த்து வெளிவட்டத்தில் சுற்றுகிறது கெப்ளர்-16பி. அதற்கு ஒரு வருஷம் என்பது நம் கணக்கில் 229 நாள்.

அங்கிருந்து பார்த்தால், பெரிய சூரியன் நம் ஊரில் தெரியும் சூரியனின் அளவுதான் இருக்கும். சின்னது அதில் மூன்றில் ஒரு பங்கு அகலம். கையை முன்னால் நீட்டி விரலை விரித்தால் வரும் ஒரு சாண் தூரத்துக்குச் சற்றுக் குறைவாக, அதுதான் இரண்டுக்கும் இடையே ஏற்படும் அதிகபட்ச இடைவெளி. சில வாரம் பெரியது முன்னால் மறையும். சின்னது சிவப்பாகப் பின்தங்கி நிற்கும். சில வாரம் சின்னது முந்திக்கொள்ளும். சுமார் 50 நாளுக்கு ஒருமுறை சின்னது பெரியதன் முகத்தின் குறுக்கே கடந்துபோகும். இங்கே கிரகணம் அபூர்வம். அங்கே அது வாடிக்கை.

போஸ்டரில் சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, குளிர். நம் சூரியனிலிருந்து வெள்ளி கிரகம் இருக்கும் தூரத்தில்தான் இதுவும் இருக்கிறது. வெள்ளி கொதிக்கிறது. இங்கோ இரண்டு அடுப்பும் மந்தம். வெப்பநிலை மைனஸ் 70 முதல் மைனஸ் 100 டிகிரி வரை. இரண்டாவது, நிற்க இடமில்லை. சனி கிரகத்தை ஒத்த பெரிய கிரகம் இது. பூமியைப் போல நூறு மடங்குக்கு மேல் எடை. மேலே கால் ஊன்றத் தரை கிடையாது. இதற்கு ஒரு நிலா இருந்தால்தான் அந்த இரட்டை நிழலைப் பார்க்க முடியும்.

நிழலால் தெரிந்த ஊர்

இந்தக் கிரகத்தை நேரடியாகப் படம் பிடித்தவர் யாரும் இல்லை. 2009-ல் ஏவப்பட்ட கெப்ளர் விண்தொலைநோக்கி, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தது. அவற்றில் ஒரு ஜோடி அடிக்கடி மங்கியது. ஒன்றையொன்று மறைக்கும்போது அப்படித்தான் ஆகும். ஆனால் கணக்கில் வராமல் இன்னொரு மங்கலும் இருந்தது. பெரிய நட்சத்திரத்தின் ஒளியில் 1.7 சதவீதம் குறைந்தது. மறுபடி சுமார் 230 நாள் கழித்து, அதற்கடுத்து சுமார் 221 நாள் கழித்து.

ஒரு கிரகம் ஒற்றை நட்சத்திரத்தைச் சுற்றினால் நாள் தவறாது. இங்கே ஏன் தவறியது? கிரகம் வந்து சேர்வதற்குள் நட்சத்திரமே இடம் மாறியிருந்தது! ஆக, அது இரண்டையும் சேர்த்துச் சுற்றுகிறது. லாரன்ஸ் டாயில் தலைமையிலான குழு 2011 செப்டம்பரில் இதை அறிவித்தது. 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் இரட்டைச் சூரியன் மறையும் டாட்டூயின் கிரகத்தை ரசித்தவர்களுக்கு அன்று தீபாவளி.

கதவு மூடியது

அந்தச் சந்தோஷத்தோடு ஒரு கெடுவும் வந்தது. இரண்டு நட்சத்திரங்களும் இழுக்கும் இழுப்பில், பம்பரம் தலையாட்டுவதுபோல இந்தக் கிரகத்தின் பாதை மெல்லச் சாய்கிறது. அதனால் சின்ன நட்சத்திரத்தின் மேல் அது கடப்பது 2014-லும், பெரியதன் மேல் கடப்பது 2018-லும் பூமிக்குத் தெரியாமல் போகும் என்று அப்போதே கணக்கிட்டுவிட்டார்கள். மறுபடி தெரிய 2042 வாக்கில் ஆகும். கிரகம் அங்கேயேதான் இருக்கிறது. அதன் நிழல்தான் நம் பக்கம் விழுவதில்லை. சில ஆண்டுகள் பிந்திப் பார்த்திருந்தால், அப்படியோர் ஊர் இருப்பதே அந்த வழியில் தெரிந்திருக்காது.

ஆனால் பிரான்சின் தெற்கே, ஓட்-ப்ரோவான்ஸ் வானாய்வகத்தில் இருந்தவர்கள் வேறு வழியில் தேடினார்கள். அங்கே 1958 முதல் இயங்கும் 193 செ.மீ. தொலைநோக்கி இருக்கிறது. 1995-ல் சூரியனைப் போன்ற நட்சத்திரத்தைச் சுற்றும் முதல் வெளிக்கிரகத்தைக் காட்டிக்கொடுத்தது இதுதான். அதற்கு 2019-ல் நோபல் பரிசும் கிடைத்தது. கிரகம் சுற்றும்போது நட்சத்திரமும் லேசாக ஆடும். அந்த ஆட்டத்தை ஒளியில் அளந்து, கெப்ளர்-16பி அங்கே இருப்பதை 2022-ல் மீண்டும் உறுதிசெய்தார்கள். வயதான அந்தத் தொலைநோக்கிக்கு நிழல் தேவைப்படவில்லை.

இங்கிருந்து பார்க்க...

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இரவு எட்டு மணிவாக்கில் மொட்டைமாடி ஏறினால், வடக்கு வானில் உயரே அன்னப்பறவை வடிவத்தில் சிக்னஸ் கூட்டம் தெரியும். அதன் வால்பக்கம் தெனெப், சற்று மேற்கே பளிச்சென்று வேகா. இரண்டுக்கும் இடையே கொஞ்சம் வடக்கே, வெறும் கண்ணுக்குத் தெரியாத மங்கலில் அந்த ஜோடி இருக்கிறது.

இன்று அந்த மாடியில் அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகள், 2042-ல் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே மாடிக்கு வருவார்கள். அப்போது 245 ஒளியாண்டு தாண்டி அந்த நிழல் திரும்பவும் நம் பக்கம் விழும்.