நண்பரின் முதல் நாவல்

"நாவல் எந்த மட்டில் இருக்கிறது?" என்று விசாரிப்பவர்களுக்கு எங்கள் புதூர்ச் சம்சாரியின் பதிலையே நானும் சொல்லி வருகிறேன்: விதைத்தாயிற்று, மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐப்பசி மழையை நம்பிப் புரட்டாசியிலேயே புழுதியில் விதைத்துவிடுவது கரிசல் வழக்கம். என் பதினோராவது அத்தியாயமும் புழுதிக்குள்தான் கிடக்கிறது.

இதற்குள் நண்பர் ஒருவரின் முதல் நாவல் வெளிவந்துவிட்டது. அதுவும் காதல் கதை! ஐம்பதைத் தாண்டியவருக்குக் காதல் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று ஊரில் சிரித்தார்கள். இடைசெவல் கி. ராஜநாராயணனின் 'மாயமான்' சிறுகதை வந்தது 1958-ல்; முதல் நாவல் 'கோபல்ல கிராமம்' வந்தது 1976-ல். அப்போது அவரும் ஐம்பதைக் கடந்தவர்தான். பிறகு அவர் எழுதி, 1991-ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற 'கோபல்லபுரத்து மக்க'ளில் கிட்டப்பன், அச்சிந்தலு காதலை மறக்க முடியுமா?

நண்பரின் கதையில் நிலாவும் இல்லை, நந்தவனமும் இல்லை. பருத்தி எடுத்த பெண்களுக்குக் கூலிப் பங்கு பிரிக்கிறான் ஓர் இளைஞன். ஒருத்தியின் மடிக்கு வரும்போது மட்டும் அவன் கை தாராளமாகிறது. அவள் அதைக் கவனித்துவிட்டு, கூடுதலாக விழுந்ததை எடுத்துப் பக்கத்தில் நிற்கும் கிழவியின் மடியில் போட்டுவிடுகிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பொறாமையாக இல்லையா என்கிறீர்களா? இருக்கிறது. ஆனாலும் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் வாங்கி, ஊரில் சிரித்தவர்களுக்கெல்லாம் முதலில் கொடுத்தவன் நான்தான். நீங்களும் அவர் நாவலைப் படித்துவிடுங்கள். என்னுடையது மெதுவாக வரட்டும்.