நோயாளிகள் நடத்திய பாடம்

உயிரியல் உளவியலை இணையவழியில் படிக்கச் சேர்ந்தபோது மூளையின் படங்களும் வேதிப்பொருள்களின் பெயர்களும் வரிசையாக வரும் என்று எதிர்பார்த்தேன். அவையும் வந்தன. ஆனால் வாரத்துக்கு வாரம் பாடத்தைத் தாங்கி நின்றவர்கள் மனிதர்கள். ரயில்பாதை போட்ட ஒருவர், செருப்புக்கு மர அச்சு செய்த ஒருவர், வலிப்பால் துன்பப்பட்ட ஓர் இளைஞர். நினைவும் பேச்சும் குணமும் உடம்பில் எங்கே குடியிருக்கின்றன என்று இன்று தெரிந்திருப்பதில் பெரும்பங்கு, அவற்றை இழந்தவர்களிடமிருந்து தெரிந்துகொண்டது. பாடத்தின் முகப்பில் பேராசிரியரின் பெயர் இருந்தது. பாடத்தை நடத்தியவர்கள் நோயாளிகள் என்றே நான் சொல்வேன்.

அலுவலகம் விட்டு வந்து, அடுப்படி வேலையும் முடிந்த பிறகுதான் எனக்குப் படிப்பு. வீடு அடங்கியிருக்கும். காணொளியை நிறுத்தலாம், திரும்ப ஓட்டலாம், புரியாத இடத்தில் எத்தனை நேரம் வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம். ஐம்பதை நெருங்கும் வயதில் படிக்க வருபவர்களுக்கு இது பெரிய வசதி. நரம்பில் மின்சாரம் ஓடுகிற விதத்தை அப்படித்தான் பிடித்தேன். சோடியம் உள்ளே பாய்கிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது, அந்த மாற்றம் அலையாக நரம்பின் மேல் நகர்கிறது. இதைக் கண்டுபிடித்த ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் ஆராய்ந்தது கணவாயின் தடித்த நரம்பை. 1963இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இணையவழிப் படிப்பில் எனக்குக் குறையாகப் பட்டது ஆய்வுக்கூடம். கல்லூரியில் நேரில் படிக்கிறவர்கள் ஆட்டு மூளையை அறுத்துப் பார்ப்பார்கள். எனக்குத் திரைதான். ஆனால் ஆட்டு மூளை கிடைப்பது நம் ஊரில் கடினமா என்ன? ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போனேன்.

“பாய், மூளை ஒண்ணு வேணும். உடையாம முழுசா.”

“வறுக்கவாம்மா?”

“படிக்க.”

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு வரிசையில் நின்றவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, மண்டையோட்டை ஓரமாகத் தட்டித் தட்டிப் பிளந்து, சவ்வு கிழியாமல் அதை எடுத்துக் கொடுத்தார். அந்தக் கை நேர்த்தியை எந்தக் காணொளியிலும் நான் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டில் வைத்தேன். உறைந்த தயிர்போல, விரல் பட்டாலே குழைகிறது. பாடப்படங்களில் கெட்டியாகவும் வண்ணம் பூசியும் காட்டப்படும் பொருள் இத்தனை மென்மையானது என்று தொட்டபோதுதான் தெரிந்தது. மண்டையோடு ஏன் இவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்பதற்கும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பின்பக்கம் தனியாக, மெல்லிய மடிப்புகளோடு சிறுமூளை. பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ ஹௌசலும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட கணக்கின்படி மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். அவற்றில் 6,900 கோடி இந்தச் சிறுமூளையிலேயே இருக்கின்றன.

மனிதர்களிடம் வருகிறேன். எந்த உளவியல் பாடமும் ஃபினியாஸ் கேஜைச் சொல்லாமல் நகராது. 1848 செப்டம்பர் 13 அன்று, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில்பாதைக்காகப் பாறையை வெடிவைத்து உடைத்துக்கொண்டிருந்த 25 வயது மேஸ்திரி அவர். வெடிமருந்தைக் கெட்டிக்கும் இரும்புக் கம்பி, ஒரு மீட்டருக்கும் அதிக நீளம், ஆறு கிலோ எடை, இடது கன்னத்துக்குள் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. அவர் பிழைத்தார். பொறுப்பானவர் முரடராக மாறிவிட்டார், ஆகவே மூளையின் முன்பகுதியில்தான் குணம் இருக்கிறது என்று பாடம் முடிகிறது. எனக்கு இந்த முடிவில் உடன்பாடில்லை. அதே கேஜ் பிற்பாடு சிலி நாட்டுக்குப் போய், குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியைப் பல ஆண்டுகள் ஓட்டினார். குதிரைகளை அடக்கவும், நேரம் தவறாமல் கிளம்பவும், பயணிகளோடு பழகவும் தெரியாதவரால் அந்த வேலையில் நீடிக்க முடியாது. 1860இல் இறப்பதற்கு முன் அந்த மனிதர் எவ்வளவோ மீண்டிருக்கிறார். காயத்தைச் சொல்கிற பாடம் மீட்சியையும் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளையை வீட்டில் வைத்துக் கவனிக்கும் ஒரு தாய்க்கு இரண்டாவது பாதிதான் அதிகம் தேவை.

அடுத்தவர் லெபோர்ன். பாரிஸின் பிசெத்ர் மருத்துவமனையில் 21 ஆண்டுகள் கிடந்தவர். பேச முயன்றால் ‘டான்’ என்ற ஒலிதான் வரும். ஆனால் பிறர் சொல்வது அவருக்குப் புரிந்தது. 1861இல் அவர் இறந்ததும் பால் ப்ரோக்கா என்ற மருத்துவர் மூளையைப் பார்த்தார். இடது முன்பகுதியில் பழுது. பேச்சை உருவாக்குவதற்கு மூளையில் இடமுண்டு என்பதற்கு அது சான்றாயிற்று. அந்த இடத்துக்கு மருத்துவரின் பெயர் நிலைத்தது. நோயாளியோ புத்தகங்களில் ‘டான்’ ஆகவே நின்றுவிட்டார். அவருடைய வாழ்க்கை விவரங்களைப் போலந்து ஆய்வாளர் ஒருவர் தேடி எடுத்து வெளியிட்டது 2013இல்தான். செருப்புக்கு மர அச்சு செய்து பிழைத்தவர் என்று நமக்குத் தெரிய ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் காது கேளாதவரிடம் பேசுவதுபோலக் கத்துகிறார்கள். இல்லாவிட்டால் அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி மற்றவர்களிடம் விசாரிக்கிறார்கள். அப்படிப்பட்ட பலருக்கு நாம் பேசுவதில் பெரும்பகுதி புரியும். மெதுவாகப் பேசி, பதிலுக்குக் காத்திருந்தாலே போதும். லெபோர்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது.

என்னை அதிகம் பிடித்துவைத்தவர் ஹென்றி மோலைசன். உயிரோடு இருந்தவரை ஆய்வேடுகளில் அவர் ஹெச்.எம். என்ற இரண்டு எழுத்துதான். சிறுவயதிலிருந்தே வலிப்பு. மருந்துக்கு அடங்கவில்லை. 1953இல், 27 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரு பக்கமும் பொட்டு மடலின் உட்பகுதியை எடுத்துவிட்டார். ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதியில் பெரும்பங்கும் அதோடு போயிற்று. வலிப்பு குறைந்தது. புத்திக்கூர்மை குறையவில்லை. ஆனால் அதன்பிறகு நடந்த கிட்டத்தட்ட எதுவும் அவருக்குள் தங்கவில்லை. சாப்பிட்டது, சந்தித்தது, ஒருவர் இறந்த செய்தி, எல்லாம் கவனம் திரும்பியதும் போய்விடும்.

மான்ட்ரியலிலிருந்து பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் ரயிலேறி வந்து அவரைச் சோதித்தார். ஒவ்வொரு முறையும் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். ஒரு சோதனையில், கையை நேரே பார்க்க விடாமல் மறைத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரத்தின் கோட்டோரம் வரையச் சொன்னார். நானும் என் அண்ணன் மகளும் சாப்பாட்டு மேஜையில் இதைச் செய்து பார்த்தோம். பென்சில் எதிர்ப்பக்கமே இழுக்கும், மூலைகளில் கை ஸ்தம்பிக்கும். செய்யச் செய்யப் படியும். ஹென்றிக்கும் படிந்தது. மூன்றாம் நாள் அவர் பெரிதாகத் தவறில்லாமல் வரைந்தார். ஆனால் முன்பு இதைச் செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. நினைவு என்பது ஒன்றல்ல, நடந்ததை நினைப்பதும் கை பழகுவதும் மூளையில் வேறு வேறு வழிகள் என்று அதில்தான் தெளிவானது. மறதிநோய் முற்றிய பாட்டி, பேரன் பெயரை மறந்த பிறகும் பூக்கட்டுவதை மறக்காமல் இருப்பதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஹென்றியோடு பணியாற்றிய ஆய்வாளர் சூசன் கோர்க்கின், தன்னை வைத்துத் தெரிந்துகொள்வது பிறருக்கு உதவும் என்று ஹென்றி சொல்லி வந்ததாக எழுதியிருக்கிறார். சம்மதம் சொன்னதையே மறந்துபோகிறவரின் சம்மதத்துக்கு என்ன பொருள் என்ற கேள்வியை எங்கள் பாடம் தொட்டுவிட்டு ஓடியது. ஒரு வாரம் முழுக்க அதற்கே ஒதுக்கியிருக்க வேண்டும். 2008 டிசம்பரில் ஹென்றி இறந்தார். அடுத்த ஆண்டு சான் டியாகோவில் அவருடைய மூளையை 2,401 மெல்லிய சீவல்களாக அறுத்தபோது அது இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பானது. பல லட்சம் பேர் பார்த்தார்கள். அப்போதும் அவர் பாடம் நடத்திக்கொண்டுதான் இருந்தார்.

ஹென்றியின் கதை என்னை நம் வீடுகளின் பக்கம் திருப்பியது. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது இன்னும் நிற்கவில்லை. இரும்பினால் வலிப்பு நிற்காது. அது பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கும். பக்கவாட்டில் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இந்துத் திருமணச் சட்டத்தில் மணத்துக்குத் தடையான நிலைகளுள் வலிப்பும் எழுதப்பட்டிருந்தது. 1999இல்தான் அதை நீக்கினார்கள். சட்டம் மாறிய பிறகும் பெண் பார்க்கும் வீடுகளில் மாத்திரைச் சீட்டை ஒளித்துவைக்கிறார்கள். இது எனக்குத் தீராத வருத்தம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் பாடத்தில் வந்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. கையை இழந்தவர்கள் பலருக்கு இல்லாத கையில் வலி எடுக்கும். இருக்கும் கையைக் கண்ணாடியில் காட்டி, இரண்டு கையும் இருப்பதாக மூளையை நம்பவைத்துச் சிலரின் வலியைத் தணித்தவர் அவர். கருவி என்று பார்த்தால் ஒரு பெட்டியும் கண்ணாடியும்தான்.

பாடம் முடிந்த பிறகு பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் மூளை அருங்காட்சியகத்துக்குப் போனேன். பொதுமக்களும் பார்க்கலாம். பதப்படுத்திய மனித மூளையைக் கையுறையோடு வாங்கிப் பார்க்கலாம். அங்கே இருக்கும் மனித மூளைகள் யாரோ ஒரு குடும்பம் துக்கத்தின் நடுவே சம்மதித்துக் கொடுத்தவை. அங்குள்ள மூளை வங்கி ஆராய்ச்சிக்காக மூளைகளைச் சேகரிக்கிறது. நோயுள்ள மூளையும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத மூளையும் வேண்டும். கண் தானத்தைப் பேசப் பழகிவிட்ட வீடுகளில் இதையும் பேசுங்கள். இறந்து சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால், விருப்பமுள்ளவர்கள் இப்போதே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.