வியாழக்கிழமைகளில் உடுப்பிட்டி

யாழ்ப்பாணத்திலிருந்து வடமராட்சிக்குப் போகிற எவருக்கும் வல்லை வெளியைத் தெரியும். இரண்டு பக்கமும் மரமில்லாத வெட்டை. உவர்க்காற்று முகத்தில் அடிக்கும். முனியப்பர் கோயிலடியில் வாகனங்கள் நின்று கற்பூரம் கொளுத்திப் போகும். வெளி முடிந்ததும் நெல்லியடிப் பக்கம் போகாமல் உடுப்பிட்டி வீதியில் திரும்பினால் தோட்டங்களும் பனங்கூடல்களும் வந்துவிடும். சென்ற மாதம் ஒரு புதன்கிழமை பின்னேரம் என் சின்னம்மாவின் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுத்த நாள் வியாழக்கிழமை அங்கே நிற்கவேண்டும் என்று அவள் வற்புறுத்தி அழைத்திருந்தாள்.

உடுப்பிட்டி என்றால் படித்தவர்கள் சிவசம்புப் புலவரைச் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவு வருவது பெண்கள் பாடசாலைதான். 1868 இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார்கள். பொம்பிளைப் பிள்ளை படித்து என்ன செய்யப் போகிறாள் என்று ஊர் கேட்ட காலம் அது. அந்தக் கேள்வியை இன்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அதே கேள்வியை வேறு பிள்ளைகளைப் பார்த்து இன்னும் கேட்கிறோம். நானும் கேட்டேன்.

தங்கை வன்னியில் கலியாணம் முடித்தவள். 2009 இல் அவள் முள்ளிவாய்க்காலால் வெளியே வந்தபோது மகளுக்குப் பத்து மாதம். கணவரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. முகாமில் பிள்ளைக்குக் காய்ச்சலும் வலிப்பும் வந்தன. அதற்குப் பிறகு நடக்கவும் பேசவும் பிந்திவிட்டது. அவளுக்கு இப்போது பதினேழு வயது. தன் பெயரை எழுதுவாள், நூறு வரை எண்ணுவாள், காசைக் கணக்குப் பார்க்கத் தடுமாறுவாள். சத்தம் என்றால் பயம். சாதாரண பாடசாலையோடு சேர்ந்த விசேட கல்வி அலகு ஒன்றில் படிக்கிறாள்.

"அக்கா, நான் கண்ணை மூடினால் இவளுக்கு ஆர்?" என்று தங்கை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் எங்காவது ஒரு இல்லத்தில் சேர்த்துவிடு என்றுதான் நான் சொல்லி வந்தேன். கைதடியில் 1956 இலிருந்து காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்காக நவீல்ட் பாடசாலை இருக்கிறது. சுன்னாகத்தில் வாழ்வகம், கோண்டாவிலில் 2004 இல் தொடங்கிய சிவபூமிப் பாடசாலை எல்லாம் உண்டு. இவை எத்தனையோ பிள்ளைகளைக் கரை சேர்த்த இடங்கள். ஆனால் எல்லாப் பிள்ளையும் வீட்டை விட்டுப் போய்த்தான் வாழவேண்டும் என்றில்லை. என் யோசனை சோம்பேறித்தனமான யோசனை என்பதை இந்தப் பயணத்தில்தான் உணர்ந்தேன்.

எங்கள் பாடசாலைகளில் தொழில் வழிகாட்டல் என்றாலே உயர்தரத்தில் எந்தத் துறை, எந்தப் பல்கலைக்கழகம் என்ற பேச்சுத்தான். இந்தப் பிள்ளைகளை யாரும் கூப்பிட்டு இருத்திப் பேசுவதில்லை. அந்த அலகின் ஆசிரியை வேறு மாதிரி யோசித்தார். "என்னவாக வர விருப்பம்?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் "ரீச்சர்" என்றுதான் சொல்லுமாம். அதனால் அவர் கேட்பதை விட்டுவிட்டார். ஒரு மாதம் பார்த்து எழுதினார். எந்த வேலையில் பிள்ளை நேரம் போவது தெரியாமல் இருக்கிறது, எதில் எழும்பி ஓடுகிறது, ஆட்களோடு இருக்கப் பிடிக்குமா, தனியே இருக்கப் பிடிக்குமா என்றெல்லாம். பிறகு பெற்றோரையும் கூட்டிக்கொண்டு சந்தியடிக் கடைகளில் ஏறி இறங்கினார். கிழமையில் ஒரு நாள், காலை மூன்று மணித்தியாலம், பாடசாலையில் படிக்கிற காலத்திலேயே வேலையைப் பழகிப் பார்க்கவேண்டும் என்பது அவர் எண்ணம்.

மகளை முதலில் விட்டது ஒரு பலசரக்குக் கடையில். இரண்டாவது கிழமையே வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். சனநெரிசலும் மோட்டார் சைக்கிள் இரைச்சலும் அவளுக்கு ஒத்துவரவில்லை. தங்கை அழுதாளாம். ஆசிரியையோ, "பள்ளிக்கூடத்தில இருக்கேக்கையே இது தெரிஞ்சது நல்லதுதானே" என்றிருக்கிறார். உண்மைதான். படிப்பு முடிந்த பிறகு இது நடந்திருந்தால், இவளால் எந்த வேலையும் ஏலாது என்று ஊரும் வீடும் முடிவு கட்டியிருக்கும்.

அடுத்தது ஒரு தையற்கடை. ஒரு பெண் நடத்துகிறா, உள்ளே இரண்டு மெஷின். வியாழன் காலை நானும் போய் வாசலில் ஒரு வாங்கில் இருந்து பார்த்தேன். தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூல்களை வெட்டுகிறாள். தெறிகளை நிறம் பார்த்துப் பிரிக்கிறாள். கொக்கி தைக்கிறாள், பிளவுஸ்களை மடித்து அடுக்குகிறாள். அளவு நாடாவிலுள்ள இலக்கம் அவளுக்குப் பிடிபடவில்லை. அதற்காகக் கடைக்காரம்மா கடுதாசி மட்டையில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துண்டுகள் வெட்டிக் கொடுத்திருக்கிறா. கொக்கிக்கும் கொக்கிக்கும் இடையே சிவப்புத் துண்டை வைத்துப் பார்த்துத் தைப்பாள். வேலை ஒழுங்கு படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறது. முதலில் கை கழுவும் படம். எண்ணெய்க் கை பட்டால் துணி பழுதாகும் அல்லவா!

அவளோடு படிக்கும் பெடியன் ஒருவன் சைக்கிள் கடையில் நிற்கிறான். இலக்கம் வாசிக்கத் தெரியாது, ஆனால் நட்டைக் கையில் எடுத்தவுடன் அதற்குரிய சாவியை நீட்டுகிறானாம்.

தங்கையின் பயம் வேறு. பெண்பிள்ளை, சூதுவாது தெரியாதவள், றோட்டால் தனியே போய் வரவேண்டும். இந்தப் பயத்தை யாரும் லேசாகப் பேசவேண்டாம். ஆண் துணை இல்லாத வீடுகளில் இது இரட்டிப்புப் பயம். கடையில் எப்போதும் ஒரு பெண் இருக்கவேண்டும், கதவு திறந்திருக்கவேண்டும், போய் வருவது ஒரே பாதையால் என்று முதலே பேசி ஒப்புக்கொண்டார்கள். யாராவது தொட்டால் கத்தவேண்டும், வீட்டில் சொல்லவேண்டும் என்று பிள்ளைக்கு நடித்துக் காட்டிப் பழக்கினார்கள். முதல் ஆறு கிழமையும் தங்கை இருபது யார் பின்னால் நடந்து போனாள்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பழக்கம் என்று சொல்லி வருடக்கணக்காகச் சும்மா வேலை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே மூன்று மாதம் என்று எழுதி வைத்தார்கள். அதன் பிறகு செய்த வேலைக்குக் காசு. முதல் தடவை இருநூறு ரூபா கிடைத்தது. அவள் போய் ஒரு சீப்பு வாங்கினாள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு சீப்பு இருக்கிறது. தங்கை ஒன்றும் சொல்லவில்லை.

லண்டனிலுள்ள எங்கள் மச்சாள் சொல்வா, அங்கே இப்படியான பிள்ளைகளுக்கு 9 ஆம் ஆண்டிலிருந்தே, வளர்ந்த பின் வாழும் வழி பற்றிப் பாடசாலை கூடிப் பேசவேண்டுமாம். அமெரிக்காவில் 16 வயதுக்குள் அதை எழுத்தில் திட்டமாக வைக்கவேண்டும் என்று 2004 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்கள் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. வலுவிழந்தோர் உரிமைகளுக்கு 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. வேலை செய்யும் உரிமையைச் சொல்லும் ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதி செய்தது. அரச வேலைகளில் நூற்றுக்கு 3 வீதம் என்று 1988 இல் சுற்றறிக்கையும் வந்தது. ஆனால் அது வேலைக்குரிய தகைமை உள்ளவர்களுக்கு. சாதாரண தரப் பரீட்சைக்கே தோற்றாத எங்கள் பிள்ளைக்கு அது எட்டாது. 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில் சாதாரண தரம் சித்தியடையாதவர்களும் தொழிற்பாடங்கள் படிக்கலாம். அது நல்ல ஏற்பாடு. என்றாலும் எழுத்து வாசிப்புக் குறைந்த பிள்ளைக்கு அந்த வகுப்பும் பாரம்தான். ஆகவே சந்தியடித் தையற்கடையை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அன்று மத்தியானம் அவள் மடித்து வைத்த பிளவுஸ்களைக் கடைக்காரம்மா எண்ணினா. பதினெட்டு. ஒன்றில் கொக்கி மாறித் தைபட்டிருந்தது. அவவே பிரித்துக் காட்டினா, அவள் திரும்பத் தைத்தாள். முகம் சுளிக்கவில்லை.

வருகிற ஆண்டு அவள் பாடசாலையை விட்டு விலகவேண்டும். கிழமையில் இரண்டு நாள் சம்பளத்துக்கு வைத்திருக்கிறேன் என்று கடைக்காரம்மா சொல்லியிருக்கிறா. மிச்ச நாட்களுக்கு என்ன செய்வது என்பது இன்னும் முடிவாகவில்லை. ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் விண்ணப்பப் படிவம் தங்கை வீட்டு அலுமாரியில் பாதி நிரப்பியபடி கிடக்கிறது. "விசேட தேவைகள்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டிருந்தாள். இருவரும் விளக்கைப் போட்டுக்கொண்டு இருந்து எழுதினோம்: சத்தமில்லாத இடம், படத்தில் வேலை ஒழுங்கு, இலக்கத்துக்குப் பதில் நிறத்துண்டு. நேர்முகத்துக்கு நானும் வந்து நிற்கவேண்டுமாம். போவேன்.