பட்டம் காத்திருக்கும்

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மருத்துவ மேற்படிப்புக்குப் போன தங்கை ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, பி.ஜி.யோடு பொதுச் சுகாதாரத்திலும் ஒரு பட்டம் வாங்கிவிடட்டுமா?"

நல்ல படிப்புதான். நம் தர்மபுரி கண்ட பெண்சிசுக் கொலை மருந்துச் சீட்டால் தீர்கிற நோயா? ஆனால், இப்போது வேண்டாம் என்றேன். மத்திய அரசின் 1992 ஆணைப்படி பயிற்சி மருத்துவருக்கு வாரம் 48 மணி நேர வேலை. எந்த வார்டில் நடக்கிறது? நாம் சாதி வசவையும் சேர்த்துச் சுமக்கிறோம். மும்பையில் பி.ஜி. படித்த பழங்குடிப் பெண் பாயல் தட்வியை 2019இல் இழந்தோம்.

அம்பேத்கர் 1916இல் லண்டனில் பொருளாதாரமும் சட்டமும் சேர்த்தே படித்தார். உதவித்தொகை முடிந்து 1917இல் திரும்பினார். 1920இல் மறுபடி போய் இரண்டையும் முடித்தார். பட்டம் காத்திருக்கும். முதலில் அந்த 48 மணி நேரத்தைக் கேட்டு வாங்குவோம், தோழர்களே.