தண்ணீர் ஊறுகிற மலை

காரைநகரில் நல்ல தண்ணீர்க் கிணறு எந்த வளவில் இருக்கிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மற்றக் கிணறுகள் சவர். அந்த ஊரிலிருந்து அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம். பொன்னாலைப் பாலம், ஏ-9 வீதி, கண்டி, பிறகு நுவரெலியாவில் ஒரு இரவு. விடிய முன்னரே பட்டிப்பொலப் பக்கமாக வான் ஏறத் தொடங்கியது. தேயிலை முடிந்து லீக்ஸ், கரட் தோட்டங்கள். அவையும் முடிந்து காடு.

வாசலில் பைகளைத் திறந்து பார்த்து, பொலித்தீனை எல்லாம் எடுத்துவிட்டார்கள். தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருந்த தாளைக்கூட உரித்துத்தான் உள்ளே விட்டார்கள். மரைகள் தின்றுவிடும். 1988 முதல் இது தேசியப் பூங்கா.

உலக முடிவு என்கிற பெரும் பள்ளத்தை முகில் மூடியிருந்தது. எனக்கு அதில் குறையில்லை. வழியில் ஒரு மரத்தடியில் நின்றபோதே வந்த பயன் கிடைத்துவிட்டது. மழை இல்லை, ஆனாலும் அம்மாவின் சேலைத் தலைப்பு நனைந்தது. நிமிர்ந்து பார்த்தோம். கோணல் மாணலான குள்ள மரம், கொப்பெல்லாம் பாசி. மூடுபனி அந்தப் பாசியில் படிந்து, துளியாகத் திரண்டு, ஒவ்வொன்றாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. விழுந்த இடத்தில் மண் கறுப்பு. காலை வைத்தால் பஞ்சுபோல் அமுங்கியது.

2,100 மீற்றருக்கு மேலே இந்தக் காடும் புல்வெளியும் மழையையும் பனியையும் குடித்து வைத்துக்கொண்டு மெதுமெதுவாகக் கசியவிடுகின்றன. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து நீர் போகிறது.

"இதில ஒண்டும் எங்கட பக்கம் வராதோ மோனை?" என்று அம்மா கேட்டா.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையில் கடலோடு சேர்ந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை நிலத்துக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறதே, அதுதான் எங்கள் கிணற்று நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே கிடக்கும் உப்பு ஏறிவிடும். பாடப்புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் விழுகிற இடத்திலேயே நீரைப் பிடித்துவைப்பது என்றால் என்னவென்று அந்த மரத்தடியில்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் வளவின் பின்பக்கம் மாரியில் தண்ணீர் தேங்கும் பள்ளக்காணி ஒன்று உண்டு. மண் போட்டு நிரவி மேடாக்கினால் நல்ல விலை போகும் என்று வெளிநாட்டிலிருந்து தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். ஊர் திரும்பியதும் அவனோடு கதைத்தேன். காணி பள்ளமாகவே இருக்கட்டும் என்று அம்மாவும் சொல்லிவிட்டா. இந்த ஐப்பசிக்கு முன் அதன் வரம்பை உயர்த்திக் கட்டுகிறோம்.