ஒரு பெல்ட், மூன்று ஊர்ப் புல்லி

போடிநாயக்கனூரில் நண்பர் ஒருவரிடம் பழைய பட்டாள ஜீப் இருக்கிறது. ராணுவ ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து அவருடைய அப்பா வாங்கி, மேட்டு ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஓட்டியது. அதை இரண்டாம் உலகப் போர்க்கால உருவத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று நண்பருக்கு ஆசை. பெயிண்ட், தார்ப்பாய், டயர் எல்லாம் ஒழுங்காக அமைந்துவிட்டன. ஃபேன் பெல்ட் மட்டும் அடங்கவில்லை. புதுசு மாட்டினாலும் கீச்சிட்டது; மலை ஏறினால் ரேடியேட்டர் கொதித்தது. கழற்றிய பெல்ட்டுகளில் எல்லாம் ஒரு பக்க விளிம்பு மட்டும் நார் நாராகப் பிரிந்து கிடந்தது. மேஸ்திரி பெல்ட்டைத் திட்டினார். எனக்கு என்னவோ புல்லிகள் மேல்தான் சந்தேகம்.

இந்த எஞ்சினுக்கு பெல்ட் ஒன்றுதான். கீழே கிராங்க் புல்லி, மேலே ஃபேனையும் வாட்டர் பம்ப்பையும் சுற்றும் புல்லி, பக்கவாட்டில் டைனமோ புல்லி என்று மூன்றையும் அதுவே வளைத்து வரும். ரேடியேட்டரை இறக்கி வைத்துவிட்டு, கிராங்க் புல்லியிலிருந்து மேலே நூல் பிடித்தோம். ஃபேன் புல்லியில் நூல் காடியின் நடுவில் விழாமல் விளிம்போரம் விழுந்தது. டார்ச் அடித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஃபேன் புல்லியில் காடியின் அடித்தரை எவர்சில்வர் மாதிரி மின்னியது. வி-பெல்ட் இரண்டு பக்கச் சுவர்களையும் கவ்வித்தான் இழுக்கும். அடியைத் தொடவே கூடாது. அடி மின்னுகிறதென்றால் அகலக் காடிக்குள் மெல்லிய பெல்ட் இறங்கி, வழுக்கிக்கொண்டே ஓடியிருக்கிறது. வெர்னியர் வைத்துப் பார்த்தோம். கிராங்க்கிலும் டைனமோவிலும் காடி ஒடுக்கம், ஃபேனில் மட்டும் அகலம். பெல்ட் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அப்படியானால் எது சொந்தம், எது வந்து சேர்ந்தது? அதற்கு முதலில் வண்டி யாரென்று தெரிய வேண்டும்.

போர்க்கால ஜீப்பை இரண்டு கம்பெனிகள் செய்தன. டொலிடோ நகரத்து வில்லிஸ் செய்தது ‘எம்பி’. அதே வரைபடத்தை வைத்து ஃபோர்டு செய்தது ‘ஜிபிடபிள்யூ’. 1941-க்கும் 1945-க்கும் இடையில் இரண்டு பேரும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் இறக்கினார்கள். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்; ஆனால் ரேடியேட்டருக்கு அடியில் குனிந்தால் அடையாளம் கிடைக்கும். சேஸிஸின் இரண்டு தண்டுகளையும் முன்னால் இணைக்கும் குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாய், ஃபோர்டில் கவிழ்த்த தொட்டி வடிவம். நம் வண்டியில் உருண்டைக் குழாய். வில்லிஸ்தான் என்று நண்பர் மீசையைத் தடவிக்கொண்டார். எஞ்சின் நம்பர் மேட்டை கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்ததும் ஜிபிடபிள்யூ எழுத்துகள் எழுந்து வந்தன. எஞ்சின் ஃபோர்டுடையது. போதாததற்குச் சில போல்ட் தலைகளில் ஃபோர்டின் சாய்ந்த ‘எஃப்’ வேறு.

நண்பருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. எந்தப் பாகமும் எந்த வண்டியிலும் பொருந்த வேண்டும் என்பதற்காகத்தான் ஃபோர்டையும் வில்லிஸ் வரைபடப்படியே செய்யச் சொன்னது அமெரிக்க ராணுவம். எஞ்சின் படுத்தால் பட்டாளப் பட்டறையில் கைக்குக் கிடைத்ததைத் தூக்கி மாட்டி அனுப்பிவிடுவார்கள். ஒரே வண்டியில் நம்பர்கள் சேர வேண்டும் என்பது பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் பிடித்துக்கொண்ட பைத்தியம். எந்த சிப்பாய் அதைப் பார்த்தான்? ஃபோர்டு எஞ்சின் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கிராங்க் புல்லி கதை வேறு. ஹேண்டில் போட்டுச் சுற்றும் பல் நட்டைக் கழற்றி, புல்லர் வைத்து இழுத்தோம். கழுவித் துடைத்ததும் அதன் விளிம்பில் நகத்தால் கீறியதுபோல ஒரு வெட்டு தெரிந்தது. அடிபட்ட காயம் இல்லை, கருவி வைத்து அளந்து போட்டது. டைமிங் குறி.

அதுதான் என்னை யோசிக்க வைத்தது. போர்க்கால எஞ்சினில் டைமிங் பார்க்க முன்பக்கம் போக மாட்டார்கள். பின்னால் ஃப்ளைவீல் கூட்டில் சின்ன ஜன்னல் இருக்கும், மூடியை நகர்த்தி ஃப்ளைவீலில் உள்ள குறியைப் பார்ப்பார்கள். நம் எஞ்சினிலும் அந்த ஜன்னல் இருந்தது. முன் மூடியிலோ ஒரு குறியும் இல்லை. பார்க்க ஆளே இல்லாத இடத்தில் புல்லிக்கு எதற்குக் குறி? மூடியையும் கழற்றியபோது உள்ளே செயின் இருந்தது. போர் முடிந்த சில காலத்தில் கேம் ஷாஃப்ட்டைச் சுற்ற செயினை விட்டுவிட்டுப் பல்சக்கரத்துக்கு மாறினார்கள். அதனால் எஞ்சின் பழசுதான். புல்லிதான் இளையது.

1953-இல் வந்த சிஜே-3பி ஜீப்பின் எஞ்சினில் முன் மூடியில் குறியும் புல்லி விளிம்பில் வெட்டும் உண்டு. பழைய எஞ்சினின் அடிப்பாகத்தை வைத்துக்கொண்டு, இன்டேக் வால்வை மட்டும் தலைக்கு மேல் ஏற்றிக் கட்டிய எஞ்சின் அது. உயரம் கூடியதால்தான் அந்த ஜீப்புக்கு பானெட் தூக்கலாக இருக்கும். கொள்ளளவு மாறவில்லை, அதே 134 கன அங்குலம், 2.2 லிட்டர். பழைய எஞ்சின் 60 குதிரைத்திறன் தந்தது, புதியது 70-ஐத் தாண்டியது. பின்னால் மெல்லிய பெல்ட்டும் வந்தது. பம்பாயில் மஹிந்திரா அந்த மாடலைத்தான் பல பத்தாண்டுகள் செய்து விற்றது. நம் மலையோர ஊர்களில் அதன் பாகங்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பழைய புல்லி தேய்ந்த அன்று, கைக்கு எட்டிய மஹிந்திரா புல்லியை யாரோ மாட்டியிருக்கிறார்கள். கீ சரியாக உட்கார்ந்தது, நட் இறுகியது. அதற்கு மேல் யார் பார்ப்பார்கள்?

டைனமோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போர் ஜீப் 6 வோல்ட். இதில் இருந்தது 12 வோல்ட் லூகாஸ், சென்னைப் பாடியில் செய்தது. எனக்கு வருத்தம் அதைத் தாங்கிய பட்டை மேல்தான். அசல் பட்டையில் ஸ்பிரிங் வைத்த கைப்பிடி ஒன்று இருக்கும். அதை இழுத்தால் டைனமோ உள்ளே சாயும், பெல்ட் தளரும், ஃபேன் நின்றுவிடும். ஆழமான ஆற்றில் இறங்கும்போது ஃபேன் தண்ணீரை வாரி எஞ்சின் மேல் இறைக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. ஸ்பேனர்கூட வேண்டாம். நம் வண்டியில் அந்த இடத்தில் துளை போட்ட வெறும் இரும்புப் பட்டை.

சென்னை புதுப்பேட்டைச் சந்துகளில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கிராங்க் புல்லி கிடைத்தது. காடி அகலம், விளிம்பில் வெட்டு இல்லை. “அது டிராக்டர் புல்லி சார், உங்களுக்கு ஆகாது” என்று கடைக்காரரே தடுத்தார். அதனால் மலிவாகவும் கிடைத்தது. மாட்டிப் பார்த்தோம், நூல் ஃபேன் காடியின் நடுவில் விழுந்தது.

லூகாஸை எடுக்க நண்பர் சம்மதிக்கவில்லை. மலைப்பாதையில் ராத்திரி 6 வோல்ட் விளக்கை நம்பி ஓட்ட முடியாது என்றார். நியாயம்தான். ஆகவே டைனமோ ஷாஃப்ட்டுக்கு ஏற்ற துளையும் அகலப் பெல்ட்டுக்கு ஏற்ற காடியுமாக ஒரு புல்லியை லேத்தில் கடையக் கொடுத்தோம். எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் இல்லாத புல்லி. நாளைக்கு இதைக் கழற்றுகிறவன் மண்டையைப் பிய்த்துக்கொள்ளக் கூடாதே என்று, பின்பக்கத்தில் வருஷத்தையும் ஊர்ப் பெயரையும் பஞ்ச்சில் அடித்துத் தரச் சொன்னேன்.

லேத்துக்காரர் சுத்தியலை எடுத்தபடி கேட்டார்: “அப்படியே நம்ம பட்டறை போன் நம்பரையும் போட்டுரட்டுமா தம்பி?”