மூச்சு வாங்கினா பக்தி குறைவுன்னு அர்த்தம் இல்லீங்க



தைப்பூசம் வந்தாலே பத்துமலைப் படியில் காதில் விழுற பேச்சு ஒன்னு இருக்கு. பால்குடம் தூக்கிட்டு வர்ற அம்மா பாதிப் படியில நின்னு மூச்சு வாங்கினா, யாராவது ஒருத்தர், "விரதம் சரியா இருந்தீங்களா?"ன்னு கேட்டுடுவாங்க. அந்த அம்மாவும் கூச்சப்பட்டு, மூச்சை அடக்கிக்கிட்டு வேகமா ஏறுவாங்க. அது ஆபத்து. அதனாலதான் இந்தப் பதிவு.

மூச்சு வாங்குறது விரதக் குறை இல்ல. உடம்போட காவல்காரங்க வேலை செய்யுறாங்க, அவ்வளவுதான்.

கழுத்தின் இரண்டு பக்கமும், மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் பிரியும் இடத்தில், அரிசி மணி அளவில் ஒரு சின்ன உறுப்பு இருக்கு. ரத்தத்தில் பிராணவாயு, கரியமில வாயு, அமிலம் எவ்வளவுன்னு அது ஓயாமல் பார்த்துக்கிட்டே இருக்கும். மூளையின் அடியில் உள்ள முகுளத்திலும் இப்படி உணர்விகள் உண்டு. அவை முக்கியமாகக் கரியமில வாயுவைக் கவனிக்கும். கழுத்து உணர்வி மூச்சை எப்படி ஆளுதுன்னு கண்டறிந்ததற்காக பெல்ஜியத்தின் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

படி ஏற ஆரம்பிச்ச உடனே மூளையும் கால் தசையும் சொல்லி மூச்சு கூடிடும். பிறகு அதைச் சரியான அளவில் வைப்பது இந்த உணர்விகள்தான். பலரும் நினைக்கிற மாதிரி பிராணவாயு தீர்ந்து போய் மூச்சு வாங்குறதில்ல. ஆரோக்கியமா உள்ளவங்களுக்கு ரத்தத்தில் அது பெரிசா குறையாது. தசையில் உண்டாகும் கரியமில வாயுவை வெளியே தள்ளத்தான் அந்த வேகம். 272 படியையும் அவசரமா ஏறினா ரத்தத்தில் அமிலமும் கூடும். கழுத்து உணர்வி இன்னும் வேகமா மூச்சு விடச் சொல்லும். அப்போ "அரோகரா" சொல்லக்கூட வாய் வராது.

அதையே அளவுகோலா வச்சுக்குங்க. வாய்விட்டு அரோகரா சொல்ல முடிஞ்சா வேகம் சரி. முடியலன்னா ஓரமா நின்னு, மூச்சை அடக்காம, நிதானமா வெளியே விடுங்க. சில நிமிஷத்தில் தணியும்.

நின்ன பிறகும் தணியலன்னா, நெஞ்சு இறுகினா, தலை சுத்தினா, உடனே பக்கத்துல உள்ள தொண்டூழியரைக் கூப்பிடுங்க. கூச்சமே வேண்டாம். பக்கத்துல நிக்கிறவங்களும் கேள்வி கேட்காம, கொஞ்சம் காத்து வர வழி விடுங்க. அதுவும் தொண்டுதான்.

முருகன் மேலதான் இருக்கார், எங்கேயும் போயிட மாட்டார். நிதானமா ஏறி வாங்க.

வேலும் மயிலும் துணை 🙏